இடம் மாறிக் கிடந்த இரண்டு வாஷர்கள்: ஒரு பழைய பேலரைத் திரும்பப் பூட்டிய அனுபவம்

பெரியப்பாவின் பேலர், அதாவது காய்ந்த புல்லை அமுக்கிக் கயிறு போட்டுக் கட்டும் இயந்திரம், என்னிடம் வந்தபோது இரண்டு பருவங்களாக அதன் இடது பக்கக் கயிறு ஒழுங்காக முடிச்சு விழாமல் இருந்தது. ஐந்தாறு கட்டுக்கு ஒன்று அவிழ்ந்து, இயந்திரத்தின் பின்னாலேயே புல் சிதறிக்கொண்டு வரும். வலது பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. "முன்பு ஒருவர் கழற்றிப் பூட்டிக் கொடுத்தார், தம்பி. அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை" என்றார் பெரியப்பா. அந்தச் சொல்லை அன்றே நான் கவனமாகக் கேட்டிருந்தால் இரண்டு நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

இது சிறிய செவ்வகக் கட்டுகளைப் போடும் பழைய வகை பேலர். 14 அங்குலத்துக்கு 18 அங்குலம் கட்டு. டிராக்டரின் பி.டி.ஓ. (கருவிகளுக்கு விசை கொடுக்கும் சுழல் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட்டும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம், முன்னும் பின்னும் போய்வந்து புல்லை அமுக்கும் பிளஞ்சர், கீழேயிருந்து கயிற்றைத் தூக்கி வரும் இரண்டு ஊசிகள், மேலே இரண்டு முடிச்சுக் கருவிகள். கயிறு கட்டும் பேலர்களை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

முதல் முறை எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பி.டி.ஓ. தண்டைக் கழற்றி வைத்தேன். ஃப்ளைவீல் தானாகச் சுழலாதபடி கட்டையால் முட்டுக்கொடுத்தேன். இதைச் செய்யாமல் முடிச்சுக் கருவிக்குள் யாரும் விரலை விடக் கூடாது. ஃப்ளைவீல் கொஞ்சம் நகர்ந்தாலே பிளஞ்சரும், முடிச்சுப் போடும் இயக்கம் தட்டப்பட்டிருந்தால் ஊசிகளும் நகரும். பிறகு ஒவ்வொரு பகுதியையும் கைபேசியில் படம் எடுத்தேன். வாஷர்களையும் ஷிம்களையும் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடுகள்) கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்து வைத்தேன். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கயிற்றை அறுக்கும் கத்தியைத் தீட்டி, உடைந்த ஒரு ஸ்பிரிங்கை மாற்றி, படத்தைப் பார்த்துப் பார்த்து இம்மி பிசகாமல் திரும்பப் பூட்டினேன். இடது முடிச்சு முன்பு எப்படி நழுவியதோ அப்படியே நழுவியது.

கழற்றும்போது இருந்தது சரியான அமைப்பு என்று நான் எடுத்துக்கொண்டதுதான் தவறு. எனக்கு முன் பூட்டியவரின் பிழையைத்தான் என் படங்கள் பத்திரமாகக் காத்து வைத்திருந்தன.

இரண்டாம் முறை ஸ்பானரை எடுப்பதற்கு முன் கயிற்றைப் பார்த்தேன். அவிழ்ந்த கட்டுகளிலிருந்து ஏழெட்டுக் கயிறுகளைப் பொறுக்கி வந்து ஒரு சாக்கின் மேல் நீட்டிப் போட்டேன். பெரும்பாலானவற்றில் ஒரு நுனியில் மட்டும் முடிச்சு இருந்தது. மறு நுனி வெறுமனே கிடந்தது, அதுவும் வெட்டுப்பட்ட நுனியாக இல்லை. நசுங்கி, நார் நாராகப் பிரிந்திருந்தது. எங்கே தேட வேண்டும் என்று இந்த இரண்டு அடையாளங்களும் சொல்லிவிட்டன. அதைப் புரிந்துகொள்ள, முடிச்சு எப்படி விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முந்தைய கட்டு முடிந்ததிலிருந்தே கயிற்றின் ஒரு நுனி, விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய ஒரு தட்டில் பிடிபட்டு நிற்கிறது. அங்கிருந்து அது கிளியின் அலகு போன்ற ஒரு கொக்கியின் மேலாகப் போய், புதிய கட்டைச் சுற்றி வருகிறது. கட்டு போதிய நீளம் ஆனதும் ஊசி கீழேயிருந்து எழும்பி, கயிற்றின் மறு பக்கத்தைக் கொண்டுவந்து அதே அலகின் மேல் படியவைத்து, தட்டின் அடுத்த பள்ளத்தில் விடுகிறது. தட்டு சற்றே திரும்பி இரண்டு இழைகளையும், ஸ்பிரிங்கால் அழுத்தி நிற்கும் பிடிப்பானுக்குள் இறுக்குகிறது. அலகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. இரண்டு இழைகளும் அதன் கழுத்தில் வளையமாக விழுகின்றன. சுற்றின் முடிவில் அலகு வாயைத் திறந்து இரண்டு இழைகளையும் கவ்வுகிறது. கத்தி வந்து அறுக்கிறது. கத்தியோடு சேர்ந்து வரும் துடைப்புக் கை, கழுத்தில் இருக்கும் வளையத்தை அலகின் மூக்குக்கு மேலாக வழித்துத் தள்ளுகிறது. கவ்விய நுனிகள் வளையத்துக்குள் மாட்டி முடிச்சாகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை. கதிர்க் கட்டு கட்டும் இயந்திரத்துக்காக 1870களின் இறுதியில் ஜான் ஆப்பிள்பி செய்துகாட்டிய முடிச்சுக் கருவியின் வழிவந்தது இது. ஃப்ளைவீலைக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதரை நினைத்து வியக்கிறேன்.

ஒரு நுனியில் மட்டும் முடிச்சு என்றால் இரண்டு இழைகளில் ஒன்று அலகுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். ஊசி கொண்டுவரும் இழை இடம் தவறி விழுகிறது, அல்லது பிடிப்பானிலிருந்து உருவிக்கொண்டு போகிறது. நுனி நசுங்கியிருந்தால் பிடிப்பானின் ஸ்பிரிங் அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். இழை நழுவுவதைப் பார்த்த யாரோ பிடி தளர்ந்திருக்கிறது என்று நினைத்து போல்ட்டை இறுக்கியிருக்கிறார். நழுவுவது நிற்கவில்லை. மேலும் இறுக்கியிருக்கிறார். கடைசியில் பிடிப்பானே கயிற்றைக் கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தது.

இனிதான் முக்கியமான இடம். முடிச்சுத் தண்டில் இடது கருவி உட்காரும் வரிசை இது: ஒரு ஓரத்தில் காலர் (தண்டில் பொருத்திய வளையம்), அடுத்து வார்ப்பிரும்புச் சட்டகம், அதற்கடுத்து தண்டோடு கீ (ஆப்பு) வைத்துப் பூட்டிய பெரிய கேம் சக்கரம். அந்தச் சக்கரத்தின் முகத்தில் முழுவட்டத்துக்கும் பல் கிடையாது. அங்கங்கே சில பற்கள் மட்டும் உண்டு. அந்தப் பற்கள் வந்து சேரும்போது அலகின் பினியனும் (சிறிய பற்சக்கரம்) தட்டின் பினியனும் சுற்றும். மற்ற நேரமெல்லாம் பினியனின் தட்டையான பக்கம் சக்கரத்தின் வழுவழுப்பான விளிம்பில் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்மானம்தான் அலகைத் தன் இடத்தில் அசையாமல் நிறுத்தி வைக்கிறது. நான் கோத்து வைத்த கம்பியில் சட்டகத்துக்கும் கேம் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு வாஷர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 1.5 மி.மீ. கனம்.

தண்டை மண்ணெண்ணெயில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சட்டகத்தின் புஷ் (தண்டைத் தாங்கும் உள்குழல்) உட்கார்ந்திருந்த இடத்தில் தண்டு கண்ணாடி போல மின்னியது. அந்த மின்னும் பட்டையின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடுக்கவே இல்லை. புதிய தேய்மானம், ஆழமில்லாதது. ஆனால் கேம் சக்கரத்தின் பக்கமாக அந்தப் பட்டையைத் தாண்டியும் இன்னொரு பட்டை நீண்டிருந்தது. அது மங்கி, லேசாகத் துருவேறி இருந்தது. அங்கே நகம் தெளிவாகத் தடுக்கியது. பல ஆண்டுகள் புஷ் உட்கார்ந்து தேய்த்த இடம் அது, இப்போது எந்தப் பாகமும் அதன் மேல் இல்லை. இரண்டு ஓரங்களுக்கும் இடையே வெர்னியர் வைத்து அளந்தேன். 3 மி.மீ. இரண்டு வாஷர்களின் கனம்!

அந்த நிமிடத்தில் அடைந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முன்பு பூட்டியவர் காலருக்கும் சட்டகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய வாஷர்களை மறு பக்கத்தில் போட்டுவிட்டார். அதனால் சட்டகம் முழுவதும் 3 மி.மீ. விலகியது. விலகியதும் பினியன் பற்கள் கேம் சக்கரத்தின் பற்களில் பாதி ஆழத்துக்கே கடித்தன. பற்களின் நுனி மட்டும் தேய்ந்து மின்னியதற்கு அதுதான் காரணம். தட்டைப் பக்கம் விளிம்பில் சாயாததால் அலகு ஆடியது. அதே 3 மி.மீ.யால் ஊசி வந்து கயிற்றை விடும் இடமும் தட்டின் பள்ளத்துக்குத் தள்ளிப் போனது. கூடுதலாக ஊசியின் பக்கவாட்டு போல்ட்டையும் திருகி, விலகிப்போன சட்டகத்தின் பக்கமாக அதைச் சாய்க்க முயன்றிருக்கிறார். ஒரு பிழையை மறைக்க மூன்று இடத்தில் கை வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாகங்கள் தரையில் கிடக்கும்போது இரண்டு வாஷர்கள் எந்தப் பக்கத்தவை என்று யாராலும் சொல்ல முடியாது. தண்டைத் துடைத்துப் பார்த்தால்தான் அது தெரியவரும்.

வாஷர்களை இடம் மாற்றிப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பல் கடி ஆழமானது, ஆட்டம் பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான். இத்தனை ஆண்டு ஓடிய பாகங்களைப் புதிய இயந்திரத்தின் வரிசையில் வைத்தாலும் புதிய இயந்திரத்தின் இடைவெளி வராது. தேய்ந்துபோன கனத்தை எங்காவது திரும்பக் கொடுக்க வேண்டும். அலகின் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 0.7 மி.மீ. ஆடியது. பினியனின் பின்னைத் தட்டி எடுத்து, பினியனுக்கும் சட்டகத்துக்கும் நடுவே 0.5 மி.மீ. ஷிம் வைத்தேன். முழு 0.7ஐயும் அடைக்கவில்லை. கிரீஸ் நிற்க இடம் வேண்டும்.

இங்கே நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன், பிறருக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். ஷிம் வைத்த பின் தட்டைப் பக்கத்துக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை, அலகு ஓய்வாக நிற்கும் நிலையிலேயே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். இன்னும் இடைவெளி அதிகமாகத் தெரிந்தது. இன்னொரு ஷிம் எடுக்கக் கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு கட்டு உருவாகும் நேரம் முழுவதும் பினியன் விளிம்பின் அந்த ஒரே இடத்தில்தான் சாய்ந்து நிற்கிறது. பிளஞ்சரின் ஒவ்வொரு இடியின் அதிர்வும் அங்கேதான் விழுகிறது. ஆகவே விளிம்பு மற்ற இடங்களைவிட அங்கே அதிகமாகக் குழிந்திருக்கும். குழியில் அளந்து ஷிம் வைத்தால், குழியில்லாத இடத்துக்குப் பினியன் வரும்போது சக்கரம் பிடித்துக்கொள்ளும். தண்டை முழுச் சுற்றும் மெதுவாகத் திருப்பி, எங்கே இடைவெளி மிகக் குறைவாக இருக்கிறதோ அங்கே அளந்தேன். அந்த இடத்தில் ஏற்கெனவே போதுமான அளவுதான் இருந்தது. இன்னொரு ஷிம் வைத்திருந்தால் பினியன் பல் உடைந்திருக்கும்.

பிறகு ஊசி. சட்டகம் 3 மி.மீ. திரும்பி வந்துவிட்டதால், பழைய சாய்ப்பில் விட்டிருந்த ஊசி சட்டகத்தோடு சேராமல் கடந்துபோனது. ஊசியின் பக்கத்தில் பழைய உரசல் தடம் ஒன்று கோடாக இருந்தது. ஊசி மேலே வரும்போது சட்டகத்தை மிக லேசாக, காகிதம் உரசுவது போல உரசிக்கொண்டு போக வேண்டும் என்பது இந்த இயந்திரத்தின் கையேட்டில் இருக்கிறது. அந்தத் தடத்திலேயே மறுபடி உரசும்வரை போல்ட்டைக் கால் கால் திருகாகத் திருப்பினேன். தடமும் கையேடும் ஒத்துப்போனதும் ஒரு குழப்பமும் மீதமில்லை.

இதையெல்லாம் முடித்த பிறகே பிடிப்பானின் ஸ்பிரிங்கைத் தொட்டேன். இந்த வரிசை மாறக் கூடாது என்பது என் திடமான எண்ணம். பாகம் இடத்தில் உட்காராதபோது ஸ்பிரிங்கை இறுக்கிச் சமாளிப்பது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு நோய் தீர்ந்தது என்பது போன்றது. போல்ட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு, இரண்டு இழைகளைப் பிடிப்பானில் விட்டுக் கையால் இழுத்துப் பார்த்தேன். உருவாமலும் நசுங்காமலும் நிற்கும் இடம், முன்பு இருந்ததைவிட ஒன்றரைத் திருகு தளர்வாக இருந்தது.

துடைப்புக் கைக்கு இன்னொரு அரை மணி நேரம் ஆனது. அதன் அடிப்பரப்பு அலகின் முதுகில் எங்கும் இடைவெளி விடாமல் வழித்துக்கொண்டு போக வேண்டும். அலகின் முதுகில் நீல மார்க்கர் பூசி, கருவியை ஒரு சுற்று கையால் திருப்பினேன். மை முன்பக்கம் மட்டும் அழிந்தது. அலகின் குதிகால் பக்கம் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் கயிற்று வளையம் கையின் அடியில் புகுந்துகொள்ளும். கையைக் குளிர்ந்த நிலையிலேயே சிறிது வளைத்து, மறுபடி மை பூசி, மறுபடி திருப்பி, நான்காவது முறை மை ஒரே சீராக அழிந்தது. வளைக்கும்போது ஒரேயடியாக வளைக்க வேண்டாம். வார்ப்பாக இருந்தால் வளையாது, உடைந்துவிடும். தட்டிப் பார்த்து, கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

முடிச்சுக் கருவியைத் திறந்துவிட்டதால் பிளஞ்சரையும் இழுத்து வெளியே போட்டேன். அது தேய்மானத் தகடுகளின் மேல் சறுக்கி ஓடுகிறது. (சில பேலர்களில் உருளை பேரிங், சிலவற்றில் கடின மரக்கட்டை.) நான்கு தகடுகளையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவினேன். எந்தத் தகடு எந்த மூலை என்று குறிக்கவில்லை. நான்கும் ஒரே அளவில் செய்த பாகங்கள்தானே என்று நினைத்துவிட்டேன். புதிதாக இருந்தபோது ஒரே அளவுதான். இப்போது ஒன்று 6.1 மி.மீ., அதற்கு எதிர்ப்பக்கத்துத் தகடு 5.2. போதாக்குறைக்கு ஒவ்வொன்றும் ஒரு ஓரத்தில் அதிகமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. தகடு எந்தத் தண்டவாளத்தில் ஓடியதோ அந்தத் தண்டவாளத்தின் சாய்வைத் தன்மேல் வாங்கியிருந்தது. இடம் மாற்றிப் பூட்டியதும் பிளஞ்சர் ஒரு மூலையில் இறுகி, எதிர் மூலையில் ஆடியது. ஒவ்வொரு தகட்டின் கீறல்களையும் தண்டவாளத்தின் கீறல்களோடு ஒப்பிட்டுப் பழைய இடத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. மெலிந்த தகட்டின் பின்னால் ஷிம் கொடுத்தேன். இப்போதெல்லாம் கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்தின் தேயாத பக்கத்திலும் பொட்டு குத்திவிடுகிறேன். இடது முன்னுக்கு ஒன்று, இடது பின்னுக்கு இரண்டு, அப்படி.

பிளஞ்சர் நேராக ஓடிய பிறகுதான் கத்தி. பிளஞ்சரின் கத்திக்கும் அறையின் ஓரத்தில் நிற்கும் நிலைக் கத்திக்கும் இடையே மேலும் கீழும் ஒரே இடைவெளி வேண்டும். இதில் 0.4 மி.மீ.யிலிருந்து 0.8 வரை இருக்கலாம். தண்டவாளம் ஓட்டத்தின் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும் என்பதால், பிளஞ்சரை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்து, எங்கேயும் கத்தி கத்தியில் முட்டவில்லை என்று உறுதியான பிறகே போல்ட்டுகளை இறுக்கினேன். கேம் சக்கரத்தின் விளிம்பில் கற்ற பாடம் இங்கே உடனே பயன்பட்டது.

ஊசிகள் பிளஞ்சரோடு ஒத்து எழும்பும் நேரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு அடையாளங்கள் இருந்தன: உளியால் குத்திய புள்ளி ஒன்று, வெள்ளை பெயின்ட் கோடு ஒன்று. இரண்டுக்கும் ஒரு பல் வித்தியாசம். பெயின்ட் பிற்காலத்தது. குத்திய புள்ளியை வைத்தே செயினைப் போட்டேன். ஆனால் செயின் நீண்டிருந்ததால், சரிபார்க்கும்போது அது இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்கும்படி ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டியிருந்தது. தளர்ந்த நிலையில் பார்த்தால் சரியாக இருப்பது போலவே தோன்றும். பிளஞ்சரின் முகத்தில் உள்ள பிளவுகளுக்குள் ஊசிகள் எதையும் தொடாமல் நுழைகின்றனவா, நுழையும்போது அவற்றின் முனை பிளஞ்சர் முகத்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று அளந்து, கையேட்டோடு ஒப்பிட்டேன். ஊசிகள் அறைக்குள் இருக்கும்போது பிளஞ்சர் வந்துவிட்டால் அதைத் தடுக்கும் பாதுகாப்புத் தாழ் துருப்பிடித்து நகராமல் கிடந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் ஸ்பிரிங்கை மாற்றினேன். அந்தத் தாழ் வேலை செய்யாத பேலரை நான் ஓட்ட மாட்டேன்.

ஃப்ளைவீலின் ஷியர் போல்ட் இருந்த இடத்தில் கடினமான எஃகு போல்ட் ஒன்று இறுக்கியிருந்தது. சுமை மிஞ்சினால் முதலில் உடைய வேண்டியது ஷியர் போல்ட்தான். அது உடையாவிட்டால் கியர்பாக்ஸோ ஊசியோ உடையும். கையேட்டில் சொன்ன தரத்தில் புதியது போட்டேன். துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்ததால் அதைப் பெரிதாக்கி புஷ் இறக்கினேன். தளர்ந்த துளையில் சரியான போல்ட்டும் ஆடி ஆடியே அறுந்துபோகும்.

சோதனையை முதலில் கயிறு இல்லாமல், டிராக்டர் இணைக்காமல், கையாலேயே மூன்று முழுச் சுற்று செய்தேன். பிறகு கயிறு கோத்து, இயக்கத்தைக் கையால் தட்டிவிட்டு, ஃப்ளைவீலை உருட்டி இரண்டு முடிச்சுகள். இரண்டிலும் இரண்டு நுனிகளும் இருந்தன. வெட்டு சுத்தமாக இருந்தது, நசுங்கல் இல்லை. பெரியப்பா அந்தக் கயிற்றை வாங்கி முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். "பூட்டு" என்றார், டிராக்டரைக் காட்டி.

வயலில் முதல் முப்பது கட்டு தவறவில்லை. அதன் பிறகு இடது முடிச்சு அலகிலேயே மாட்டிக்கொண்டு இரண்டு கயிறுகள் அறுந்தன. உடனே ஸ்பிரிங்கைத் தேடிப் போகாமல் அலகை விரலால் தடவினேன். கழுத்துப் பக்கத்தில் கயிறு ஆண்டுக்கணக்கில் ஓடி அறுத்த மெல்லிய பள்ளம் ஒன்று, அதன் உதடு கூர்மையாக இருந்தது. முன்பு இழை சரியான இடத்தில் விழாததால் அதில் மாட்டவில்லை. இப்போது விழுவதால் மாட்டுகிறது. நைஸ் எமரித் தாளால் உதட்டை மட்டும் மழுக்கி, பளபளப்பாகும்வரை தேய்த்தேன். அன்று மாலைவரை இருநூற்றுச் சொச்சம் கட்டுகள். இடது பக்கத்தில் ஒன்றும் அவிழவில்லை.

அலகை மாற்றத்தான் வேண்டும். அந்தப் பள்ளம் இன்னும் ஒரு பருவம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கேம் சக்கரத்தில் குழிந்த இடம், பினியன் ஷிம்மின் கனம், நான்கு தகடுகளின் அளவு, வாஷர்கள் இருக்க வேண்டிய பக்கம், எல்லாவற்றையும் தேதி போட்டு, படம் வரைந்து, இயந்திரத்தின் கருவிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.